பழப்பாகும் பனாட்டும்



வைகாசி, ஆனி மாதங்களில் யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் மாம்பழம் படும் பாட்டைக் கவனித்திருப்பீர்கள். பருவத்தின் தொடக்கத்தில் விலை கேட்கவே தயங்கவைக்கும் கறுத்தக்கொழும்பான், சில கிழமைகள் கழிந்ததும் கூடை கூடையாக வந்து குவியும். காலையில் பேரத்துக்கு இடங்கொடாத வியாபாரி மாலையில் தாமாகவே விலையைக் குறைப்பார். மறுநாள் எஞ்சியது மாட்டுக்கோ குப்பைக்கோ போகும். மூன்று மாதஞ் சென்றபின் அதே ஊரவர் கடைக்குப் போய், பழத்தின் படம் ஒட்டிய போத்தல் ஒன்றைப் பணங் கொடுத்து வாங்கி வருவர். அந்தப் போத்தலுக்குள் இருப்பது யாது, அதற்கும் நம் வளவில் விழுந்து அழுகிய பழத்துக்கும் உள்ள உறவு யாது, பழத்தைக் காத்துவைக்கும் வழிகளுள் எது எந்தப் பழத்துக்கு ஏற்றது என்பன பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

பழம் கெடுவதற்குக் காரணம் அதிலுள்ள நீர். பூஞ்சணமும் நொதியும் பற்றீரியாவும் உயிர்வாழ நீர் வேண்டும். பழத்திலோ நீர் மிகுதி, இனிப்பும் உண்டு. அழையா விருந்தாளிகளுக்கு அதைவிட நல்ல பந்தி வேறில்லை. ஆகவே பழத்தைக் காப்பாற்ற நினைத்த மாந்தர் எல்லாரும், எந்த நாட்டவராயினும், அந்த நீரைப் பயன்படாமற் செய்வதிலேயே முயன்றனர். வெயிலில் உலர்த்தினால் நீர் போய்விடும். சீனியையோ உப்பையோ அளவுக்கு மேல் இட்டால் நீர் போகாது. ஆனால் அது சீனிக்கும் உப்புக்கும் கட்டுப்பட்டு, கிருமிகளுக்குக் கிட்டாத நீராகிவிடும். காற்றுப் புகாமல் அடைத்துச் சூடேற்றும் வழி பிந்தியது. பிரான்சிய சமையல் வல்லுநராகிய நிக்கொலா அப்பேர் அதனை விளக்கி 1810 ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். கிருமிகளைப் பற்றிப் பாஸ்ரர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டின் பின்னரே. காரணம் அறியாமலே காரியம் கைகூடிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

இனிச் சீனியிட்ட வகைகளைப் பார்ப்போம். நாம் எல்லாவற்றையும் 'ஜாம்' என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். உண்மையில் அவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாயினும் குணத்தால் வேறுபட்டவை. பழத்தின் சதையை நசுக்கியோ துண்டாக்கியோ சீனியுடன் கொதிக்கவைத்து இறுக்கியது ஜாம். சதையை நீக்கிச் சாற்றை மட்டும் வடித்தெடுத்துச் சீனியுடன் காய்ச்சி, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும்படி உறையவைத்தது ஜெலி. தோடம்பழ இனத்தின் தோலையும் சேர்த்துக் காய்ச்சியது மார்மலேட். இவற்றுள் ஜாமில் வீண் குறைவு. சதை முழுவதும் போத்தலுக்குள் போய்விடும். ஜெலியோ செல்வர் வீட்டுப் பண்டம். ஒரு சட்டி கொய்யாப்பழத்தை அவித்துத் துணியிற் கட்டித் தொங்கவிட்டால், இரவு முழுவதும் சொட்டி விழும் சாறு சிறிதளவே. துணியைப் பிழிந்தாலோ ஜெலி கலங்கிவிடும். பொறுமையில்லாதவர் வீட்டு ஜெலியைப் பார்த்த மாத்திரத்திலேயே கண்டுகொள்ளலாம்.

இவை உறைவதன் இரகசியம் பெக்டின் என்னும் பொருளில் இருக்கிறது. கலைப்பட்டதாரியாகிய நான் இரசாயனம் பேசத் துணிவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். எங்கள் பாடசாலையின் மனையியல் ஆசிரியையும் விஞ்ஞான ஆசிரியரும் இதுபற்றி வாதிட்டபோதெல்லாம் நடுவிலிருந்து கேட்டவன் என்ற உரிமையினாற் பேசுகிறேன். தாவரக் கலங்களின் சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசை போன்ற பொருள் அது. பிரான்சிய இரசாயனவியலாளர் பிராக்கொனோ என்பவர் 1825 இல் அதனை ஆராய்ந்து, உறைதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் கொடுத்தார். பெக்டின் தனித்து உறையாது. சீனி நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ள வேண்டும். புளிப்பு, பெக்டின் இழைகள் ஒன்றையொன்று விலக்காமற் சேரச் செய்ய வேண்டும். இம்மூன்றும் கூடினால் வலைபோன்ற அமைப்பு உண்டாகி, அதனுள் பாகு சிறைப்படும். முடிந்த ஜாமில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்களவு இனிப்புப் பொருள் இருக்கும். அதற்குக் குறைந்தால் உறைவதும் ஐயம். நெடுநாள் நிற்பதும் ஐயம்.

இந்த மூன்றையும் மனத்திற்கொண்டு நம் நாட்டுப் பழங்களை நோக்கினால் பல புதிர்கள் விடுபடும். விளாம்பழத்தில் பெக்டினும் உண்டு, புளிப்பும் உண்டு. எனவேதான் விளாம்பழ ஜாம் யார் செய்தாலும் பெரும்பாலும் உறைந்துவிடுகிறது. நிறம் கறுப்பு, தோற்றம் அழகன்று; ஆயினும் சுவையில் அதற்கு இணையான ஜாம் இத்தீவில் வேறொன்றில்லை என்பது என் துணிபு. கொய்யாவில் பெக்டின் மிகுதி. இனிய கொய்யாவிற் புளிப்புப் போதாது. தேசிக்காய்ச் சாறு சிறிது பிழிந்தாற் குறை தீரும். அன்னாசியில் மணமும் புளிப்பும் உள்ளன, பெக்டின் குறைவு. ஆகவே அன்னாசி ஜாம் பாகாக ஓடும். கைதேர்ந்தவர்கள் அதனுடன் கொய்யாவையோ விளாம்பழத்தையோ கூட்டிச் செய்வர். யாழ்ப்பாணத்து முந்திரிகைச் சாற்றில் ஜெலி செய்வோர் அதனை ஓரிரவு ஆறவைத்துத் தெளிந்ததை மட்டும் வார்த்தெடுக்க வேண்டும். இல்லையேல் முந்திரிகைக்கே உரிய அமில உப்புப் பளிங்காகி, உண்ணும்போது மணல் போற் பல்லில் கடிபடும்.

பப்பாசிப்பழத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். அதிற் புளிப்பு மிகக் குறைவு. புளிப்புக் குறைந்த உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துவைப்பது ஆபத்தானது. காற்றில்லா இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் பற்றீரியா இனம் ஒன்றுண்டு. நல்ல புளிப்பு அதனை வளரவிடாது. ஆதலால் பப்பாசியிலும் வாழைப்பழத்திலும் ஜாம் செய்வோர் தேசிக்காய்ச் சாற்றைச் சுவைக்காக இடுவதாக எண்ணக்கூடாது. காவலுக்காக இடுகிறோம் என்று எண்ணித் தாராளமாகவே இடல் வேண்டும்.

கறுத்தக்கொழும்பானில் ஜாம் செய்யலாமா என்று கேட்பவர் பலர். செய்யலாம். ஆனால் செய்யாதீர்கள் என்பேன். அந்தப் பழத்தின் பெருமை அதன் மணத்தில் உள்ளது. மணமோ கொதியில் ஆவியோடு போய்விடும். எஞ்சுவது மஞ்சள் நிறச் சீனி. நார் மிகுந்த, புளிப்பு மாறாத பழங்களே ஜாமுக்கு உரியவை. மாங்காய் முற்றியதும் பழுக்குமுன் பிடுங்கிச் சட்னி செய்வது அதனினும் மேல். சட்னியில் வினாகிரியும் சீனியும் உப்பும் மிளகாயும் இஞ்சியும் ஒன்று சேர்ந்து காவல் நிற்பதால், எந்த ஒன்றையும் அளவுக்கு மீறி இடவேண்டியதில்லை. உறையவேண்டுமென்ற கவலையும் இல்லை.

ஜாம் பதமறிவதில் மலைநாட்டு நேயர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆங்கில நூல்கள் 105 பாகை செல்சியஸ் வரை காய்ச்சும்படி கூறும். அது கடல்மட்டத்தை அண்டி வாழ்வோர்க்கு எழுதியது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே நீரே 94 பாகையளவிற் கொதித்துவிடும். நீரின் கொதிநிலைக்கு மேல் நான்கைந்து பாகை என்பதே உண்மையான கணக்காதலால், நுவரெலியாவில் 98 அல்லது 99 பாகையில் ஜாம் பதமாகிவிடும். நூலை நம்பி 105 வரை காத்திருந்தால் அகப்பை ஒட்டிக்கொள்ளும். வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளிப் பார்க்கலாம். மேற்பரப்புச் சுருங்கினாற் பதம் வந்துவிட்டது. எங்கள் மனையியல் ஆசிரியை வெப்பமானி கையிலிருக்கும்போதும் பீங்கானையே நம்புகிறார்.

மார்மலேட் என்ற சொல்லின் வரலாறு என்னைப் போன்ற சரித்திர ஆசிரியர்களுக்குச் சுவையானது. போர்த்துக்கேய மொழியில் 'மார்மெலோ' என்பது சீமைமாதுளை எனப்படும் பழத்தின் பெயர். அதனைச் சீனியுடன் இறுகக் காய்ச்சிக் கட்டியாக வெட்டியெடுத்த பண்டமே முதலில் 'மார்மெலாடா' எனப்பட்டது. தோடம்பழத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இங்கிலாந்துக்குச் சென்றபின் அச்சொல் கசப்புத் தோடையைச் சேர்ந்துகொண்டது. ஸ்கொத்லாந்தின் டண்டி நகரில் 1797 இல் தொடங்கிய கீலர் குடும்பத்தாரின் வாணிகம் தோல் துண்டுகள் மிதக்கும் மார்மலேட்டை உலகெங்கும் பரப்பியது. போர்த்துக்கேயர் சென்ற பிரேசில் நாட்டில் சீமைமாதுளைக்குப் பதிலாகக் கொய்யா வந்தது. அங்கே 'கொயபாடா' என்னும் கொய்யாக் கட்டி இன்றும் பெரு வழக்கு. நம் நாட்டுக்கும் அதே போர்த்துக்கேயர் வந்தனர். சிங்கள மக்கள் நீற்றுப்பூசணித் துண்டங்களைப் பாகில் ஊறவைத்துச் செய்யும் 'புகுல் தோசி'யில் உள்ள 'தோசி', இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே. நத்தார்க் கேக்கினுள் கண்ணாடித் துண்டு போல் மின்னுவது அதுதான்.

நம் வீடுகளில் மார்மலேட் செய்ய விரும்புவோர் நாரத்தங்காயை எடுத்துக்கொள்ளலாம். தோலின் உட்புற வெள்ளைப் பகுதியிலும் விதையிலுமே பெக்டின் நிறைந்துள்ளது; விதைகளைத் துணியில் முடிந்து சட்டிக்குள் இட்டு, பின்னர் எடுத்தெறிய வேண்டும். தோல் நன்றாக மெத்தென்று வேகும்வரை சீனியிடக் கூடாது. சீனி விழுந்தபின் தோல் வேகாது. எத்தனை மணி நேரம் எரித்தாலும் விறகுக்கே நட்டம். கைப்பை விரும்பாத குழந்தைகள் இதனைத் தொடமாட்டார்கள். அதனால் ஒரு போத்தல் மூன்று மாதம் நிற்கும் என்பதும் ஒரு நன்மைதான்.

இவ்வளவும் சீனியை நம்பியவை. ஒரு கிலோ பழத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ சீனி. மார்மலேட்டுக்கு இரண்டு கிலோவும் இடுவர். இலங்கையோ தனக்கு வேண்டிய சீனியின் பெரும் பகுதியைப் பிற நாடுகளிலிருந்து வாங்குகிறது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது சீனியும் எரிவாயுவும் இருந்த நிலையை நாம் அறிவோம். அவ்வாண்டில் மாமரங்கள் காய்க்காமல் விடவில்லை. பழம் இருந்தது, அதைக் காப்பாற்றச் சீனி இல்லை, காய்ச்ச எரிபொருள் இல்லை. பிறர் கையிலுள்ள பொருளை நம்பிய முறை எவ்வளவு நொய்தானது என்பது அன்று தெரிந்தது. நீரிழிவு நோயாளர் இல்லாத வீடு அரிதாகிவிட்ட இந்நாளில், மூன்றில் இரண்டு பங்கு இனிப்பான பொருளைப் பாணில் தடவிக் குழந்தைக்குக் கொடுப்பதும் சிந்திக்கவேண்டியதே. பழத்தில் உள்ள உயிர்ச்சத்து 'சி' கொதியில் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. கடைப் போத்தலை வாங்குவோர் அதன் சுட்டுத்துண்டைப் படிக்க வேண்டும். சேர்மானங்களுள் எடை கூடியதே முதலில் எழுதப்படும். சீனி முதலிலும் பழம் பின்னரும் இருந்தால், நாம் வாங்கியது பழமணம் ஊட்டிய சீனி.

சீனியும் வேண்டாம், விறகும் வேண்டாம் என்று நம் முன்னோர் செய்துவைத்த ஒரு பண்டம் உண்டு. அதுவே பனாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர், தம் மொழியில் இதற்குச் சொல் கிடையாமையால் 'புனாட்டு' என்றே எழுதினர்.

ஆடி, ஆவணி மாதங்களில் பனம்பழம் விழத் தொடங்கும். விடியுமுன் பழம் பொறுக்கப் போவது அக்காலச் சிறுவர்க்கு ஒரு திருவிழா. பழத்தின் மேற்றோலை உரித்து, சிறிது நீர் தெளித்துப் பிசைந்து, தும்பை நீக்கிக் களியை வடித்தெடுப்பர். நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய பந்தரில் பனையோலைப் பாயை விரித்து, அக்களியை மெல்லிய படையாகப் பூசுவர். ஒரு நாள் வெயிலில் அது காயும். மறுநாள் அதன்மேல் மற்றொரு படை. இப்படி நாட்தோறும் பூசிப் பூசி, வேண்டிய தடிப்பு வந்தபின் பாயிலிருந்து உரித்து, துண்டங்களாக்கி, ஓலைப்பெட்டிகளில் அடுக்கி, அடுப்புப் புகை படும் இடத்தில் வைப்பர். புகை பூச்சியை அணுகவிடாது. பனங்கட்டிப் பாணியில் ஊறவைத்தெடுத்தது பாணிப்பனாட்டு. அதன் சுவையை அறியாதவர்க்குச் சொல்லி விளக்க முடியாது. மெல்லிய கைப்பு முதலில் தோன்றி, இனிப்பு அதனைப் பின்தொடரும். அக்கைப்புக்குக் காரணம் 'பிளபெலிபெரின்' எனப்படும் பொருள் என்று இந்நாளைய ஆராய்ச்சி கூறுகிறது.

இதனை ஜாமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜாம் சீனியைக் கூட்டி நீரை அடக்குகிறது. பனாட்டு நீரையே வெளியேற்றிவிடுகிறது. ஜாமுக்குப் போத்தலும் மூடியும் வேண்டும். பனாட்டுக்கு ஓலைப்பெட்டி போதும். ஜாம் செய்தபின் விதையும் தோலும் குப்பை. பனாட்டுச் செய்தபின் எஞ்சிய கொட்டையைப் பாத்தியில் இட்டால் சில மாதங்களிற் கிழங்கு. அக்கிழங்கைக் கீறிக் காயவைத்தால் ஒடியல். வறண்ட நிலத்தில் வாழ்ந்தவர்கள் எதையும் எறியக் கற்றுக்கொள்ளவில்லை. பழைய புகழ் பாடுவதற்காக இதன் குறைகளை மறைக்கவும் நான் விரும்பவில்லை. திறந்த வெளியில் காய்வதால் தூசும் ஈயும் படும். வலை கட்டாத பந்தரில் செய்ததை நான் வாங்கமாட்டேன். வெயிலில் உயிர்ச்சத்துச் சிறிது குறையும். சீனி சேர்க்கவில்லையென்றாலும் பழத்தின் இனிப்பு முழுவதும் அதில் திரண்டிருக்கிறது; பாணியில் ஊறியதில் இன்னும் அதிகம். பனங்கட்டியும் இனிப்பே. 'இது இயற்கை, எவ்வளவும் தின்னலாம்' என்று நீரிழிவுள்ளவர்க்குக் கூறுவது அவர்களுக்குச் செய்யும் உதவியன்று.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் பெருந்தொகையான பனைகள் அழிந்தன. மரம் மறுபடி முளைக்கும். பனை காய்க்க ஒரு தலைமுறைக் காலம் செல்லினும், விதை இருக்கிறது. கையின் பழக்கம் அவ்வாறன்று. இடம்பெயர்ந்து சென்ற குடும்பங்கள் பல திரும்பிவந்தபோது, பந்தர் கட்டவும் களியின் பதம் பார்க்கவும் தெரிந்த மூதாட்டி அவர்களோடு இல்லை. 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை இப்பண்டங்களுக்கு ஆதரவளித்து வருகிறது. பனம்பழக் களியில் ஜாமும் பானமும் செய்யப்பட்டுள்ளன. அவை வரவேற்கத்தக்கவை. எனினும் போத்தலில் அடைத்த பனம்பழ ஜாம் மீண்டும் சீனியையே நாடுகிறது என்பதையும் காண்க. என் மாணவர்களிடம் ஒருமுறை பனாட்டு என்றால் என்னவென்று வினவினேன். பனையின் கீழே நாள்தோறும் நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுள் மிகச் சிலரே அதனை உண்டிருந்தனர். செய்யக் கண்டவர் எவருமிலர். 'ஸ்ட்ராபெரி ஜாம்' எல்லார்க்கும் தெரிந்திருந்தது. அப்பழத்தைக் கண்டவர் ஒருவர்.

செய்து பார்க்க எண்ணுவோர்க்குச் சில குறிப்புகள் கூறி அமைகிறேன். புளிப்புள்ள எதனையும் ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களிலும் அலுமினியச் சட்டியிலும் காய்ச்சவேண்டாம், எவர்சில்வர் நன்று. போத்தல்களைக் கொதிநீரில் இட்டு எடுத்து, ஜாம் சூடாக இருக்கும்போதே நிரப்பி மூடுங்கள். குளிர்ந்த போத்தலில் சூடான ஜாமை வார்த்தால் போத்தல் வெடிக்கும். மேலே பூஞ்சணம் பிடித்த ஜாமைச் சுரண்டிவிட்டு உண்பது நம்மவர் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத நஞ்சு கீழேயும் பரவியிருக்கக் கூடுமாதலால் அதனைக் கொட்டிவிடுங்கள். சீனியைக் குறைத்துச் செய்தவர்கள் அதனைக் குளிர்ப்பெட்டியில் வைத்து விரைவில் முடித்துவிட வேண்டும். அலுமாரியில் மாதக்கணக்காக வைக்க அது ஜாமன்று. பனாட்டுக்கு முதன்முறை முயல்வோர் பத்துப் பழத்துக்கு மேல் எடுக்கவேண்டாம். முதற்படை நன்றாகக் காயுமுன் இரண்டாவதைப் பூசினால் நடுவே புளித்துவிடும். விரலில் ஒட்டாத பதமே சரியான பதம். மழை இருண்டு வந்தாற் பாயோடு தூக்கி உள்ளே வையுங்கள். அதற்கு இருவர் வேண்டும். ஆகவே வீட்டில் ஆளில்லாத நாளில் தொடங்காதீர்கள்.